ஒட்டாத வளையம்

நான்கு மணிக்கு விசாரணை முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அப்போது மணி ஒன்றே முக்கால்.

போட வேண்டிய தாள் என் முன்னால் மேஜையில் இருந்தது. 'பம்ப் பிட்டர் தம்முடைய கவனக்குறைவால் தவறான வளையத்தைப் பொருத்தியதே விபத்துக்குக் காரணம் என்பதை அவருடைய மனைவியாகிய நான் ஏற்றுக்கொள்கிறேன்.' பதினெட்டு வருடம் அந்த ஆலையின் பம்புகளைப் பார்த்துக்கொண்ட மனிதரை ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தார்கள். அவர் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

"போட்டுடு பாப்பா," என்றார் என் அண்ணன். அதே ஆலையில் பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் அவர்தான். என் கணவருக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவரும், என்னை அவருக்குக் கட்டி வைத்தவரும் அவரே. "இழுத்துக்கிட்டே போனா உனக்குத்தான் வேதனை. மாப்பிள்ளை திரும்பி வரப் போறாரா?"

விசாரணை அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். அந்த நேரம் கதவு திறந்தது.

"பேனாவை மூடுங்க சார், மை காஞ்சிடும்," என்றபடி ஒல்லியான ஓர் ஆள் உள்ளே வந்தான். பின்னாலேயே தடித்த கண்ணாடி போட்ட, ஐம்பத்தைந்து வயதுள்ள அம்மாள். கையில் ஒரு துணிப்பை.

"நீங்க யாரு?"

"மனைவி தரப்புல ஒருத்தர் வந்து பொருளைப் பார்க்கலாம்னு உங்க விதியிலயே இருக்கு. அது நான். இன்ஸ்பெக்டரம்மான்னு சொல்லுவாங்க."

அதிகாரி பாதி எழுந்துவிட்டார். "போலீஸா?"

"இல்ல சார். போல்ட்டு நட்டை அளந்து பார்த்துப் பாஸ் போடற இன்ஸ்பெக்டரா முப்பது வருஷம் இருந்தேன். அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு."

"இவர்?"

"ரேடியோ. என்கூட வேலை பார்க்கறவன்."

"அம்மா யோசிப்பாங்க, நான் பேசுவேன் சார்," என்றான் அவன். "வேலையைச் சரிபாதியாப் பிரிச்சிருக்கோம்."

நான்தான் போன வாரம் அந்த அம்மாளைத் தேடிப் போயிருந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. என்னை நினைத்து வருந்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி அலுப்போடு அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டாக உடைந்த ஒரு வளையம். வளையல் அளவு, சாம்பல் கலந்த கறுப்பு. அந்த ஆலையில் இரும்புத் தகடுகளை அமிலத்தில் முக்கித் துரு எடுப்பார்கள். அமிலத்தைச் சுழற்றிவிடும் பம்புக்குள், அது வெளியே கசியாமல் அடைத்துக்கொண்டு ஒன்றோடொன்று உரசிச் சுற்றும் இரண்டு வளையங்களில் இது ஒன்று. இது உடைந்தபோது பம்புக்கு முன்னால் நின்றவர் என் கணவர்.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு துண்டை எடுத்து அதிகாரியின் தண்ணீர் டம்ளரில் ஓர் இழு இழுத்தார். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"அம்மா! என் டம்ளர்!"

"கடினம் குறையல. இன்னும் கண்ணாடியைக் கீறுது," என்றார் அவர் காதில் விழாதது போல. துண்டை என்னிடம் தந்தார். "இப்ப வளையத்தோட உரசுற முகத்தைத் தடவிப் பாரும்மா."

தடவினேன். உரசும் பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். அது ரவையைத் தொட்டது போலிருந்தது.

"இது ஒரே உலோகம் இல்ல. டங்ஸ்டன் கார்பைடுன்னு வைரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு பொடி. அதை இன்னொரு உலோகம் நடுவுல இருந்து பிடிச்சு வெச்சிருக்கும். சுவர்ல செங்கல்லு, சிமெண்ட்டு மாதிரி. அமிலம் செங்கல்லைத் தொடாது. சிமெண்ட்டைத் தின்னுடும்."

"அப்புறம் செங்கல்லுக்குத் தனியா நிக்கத் தெம்பு ஏது?" என்றான் ரேடியோ. "எங்க பழைய வீட்டுச் சுவர் அப்படித்தான் நின்னுச்சு. காலண்டர் மாட்ட ஆணி அடிச்சேன், பக்கத்து வீட்டுக்காரர் 'என்ன வேணும்'னு கேட்டார்."

"அதைத்தான் எங்க அறிக்கையும் சொல்லுது," என்றார் அதிகாரி. "நடுவுல கோபால்ட் இருக்கற வளையம் தண்ணி பம்புக்கு. நிக்கல் இருக்கறது அமில பம்புக்கு. அமிலத்துக்கு நிக்கல் நல்லாத் தாங்கும், கோபால்ட் தாங்காது. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். பிட்டர் மாத்தி எடுத்துட்டார்."

"அவர் மாத்தி எடுக்க மாட்டார்," என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. "ஒரு காந்தம் வெச்சிருந்தார். எந்த வளையத்தையும் அதுல தொங்கவிட்டுப் பார்க்காம பம்புக்குள்ள போட மாட்டார்."

இன்ஸ்பெக்டரம்மாவின் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "அட! கோபால்ட் ஒட்டும். இங்க வாங்கற நிக்கல் கலவை ஒட்டாது. ஒட்டினதை?"

"திருப்பிக் கொடுத்துடுவார். ஒட்டாததுக்குப் பின்பக்கம் பச்சைப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வைப்பார்."

அவர் துண்டைத் திருப்பினார். அமிலம் படாத பின்பக்கத்தில், விரல் நுனி அளவுக்கு, பச்சைப் பொட்டு இருந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். ரேடியோவும்.

"பார்த்துட்டுத்தான் போட்டிருக்கார்," என்றார் அண்ணன் மெதுவாக. "தப்பாப் பார்த்துட்டார். மனுஷன்தானே பாப்பா. அசதியா இருந்திருக்கும்."

என் கணவருக்காகப் பேசப் போய் நானே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷத்தில் என் கணவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வருடம் அத்தனை கவனமாக இருந்துவிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் என்னை இப்படி விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது?

இன்ஸ்பெக்டரம்மா மட்டும் தாளைத் தள்ளி வைத்தார். "நாலு மணி வரைக்கும் டைம் இருக்கில்ல? ஸ்டோரைப் பார்த்துட்டு வரோம்."

"நானும் வரேன்," என்று அண்ணன் எழுந்தார்.

"வேண்டாம் சார். நீங்க வேலையைப் பாருங்க. இவனே ரெண்டு பேருக்குச் சமம்."

ஸ்டோர் நீளமான, ஒரே ஜன்னல் உள்ள அறை. ஸ்டோர்காரர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"என்ன சார், நாற்காலியில முள்ளா?" என்றான் ரேடியோ.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நாங்க இன்னும் ஒண்ணும் கேட்கலையே."

இன்ஸ்பெக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அந்த வளையம் எந்தப் பெட்டியில இருந்து போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கடைசித் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். பன்னிரண்டு குழிகள், பதினோரு வளையங்கள். மூடியில் பரிசோதனைக்கூடத்தின் சீட்டு: 'நிக்கல். அமிலத்துக்கு ஏற்றது.'

"அறிக்கையில தண்ணி பம்பு அலமாரியில இருந்து எடுத்தார்னு போட்டிருக்கே?"

"யாரும் என்னைக் கேட்கலம்மா. நானும் வாயைத் திறக்கல." அவர் நெற்றியைத் துடைத்தார். "இந்தப் பெட்டி வந்தன்னிக்கே இவங்க வீட்டுக்காரர் மூணு வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார். காந்தத்துல ஒட்டுதுன்னார். லேப்ல போய்ச் சொன்னேன். லேப் சார் ஒரு வாரம் பொறுங்கன்னார். அப்புறம் திரும்பவும் சோதிச்சுப் பாருங்கன்னு சொல்லியனுப்பினார். பிட்டரும் வந்து பார்த்தார். அதே மூணு வளையம், இதே மேஜை, என் கண்ணு முன்னாடி. ஒண்ணுகூட ஒட்டல."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"மூணையும் திரும்பத் திரும்ப வெச்சுப் பார்த்தார். பிறகு சிரிச்சுட்டார். 'மச்சானை வீணா அலைய வெச்சுட்டேன்'னு நேரா லேபுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தார்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ஒரு வாரம் முன்னாடி ஒட்டின வளையம், அப்புறம் ஏன் ஒட்டல?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "வளையத்துக்கு மனசு மாறாது. அந்தக் காந்தம் எங்க?"

உடை மாற்றும் அறையில் அவருடைய இரும்புப் பெட்டகம். சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்ததும் சோப்பு வாசனை வந்தது. கதவின் உள்பக்கம், அவருடைய சட்டைக்குப் பக்கத்தில், காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஓட்டை உள்ள கறுப்பு வட்டம்; ஓட்டையில் கோத்த கயிறு. தினமும் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கிவிட்டு, காலையில் திரும்பப் போகும்.

"பெட்டகத்துல நல்லாத்தான் ஒட்டுது," என்றான் ரேடியோ. ஸ்டோருக்குத் திரும்பி ஒரு வளையத்தை அதன் கீழே பிடித்து விட்டான். வளையம் நழுவி மேஜையில் விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது. "ஒட்டல. அப்போ பெட்டி நல்ல பெட்டி. வாங்கம்மா, அக்காவை வீட்டுல விட்டுட்டுப் போகலாம்."

இன்ஸ்பெக்டரம்மா காந்தத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"காந்தம் ஓரமெல்லாம் தேஞ்சு எத்தனை வருஷத்துப் பழசா இருக்கு பாரு. கயிறு மட்டும் ஏன் புதுசு?"

"நான்தான் மாத்தினேன்," என்றேன். "பழசு அழுக்கா இருந்துச்சு."

வாய் தானாகச் சொன்னது. ஒரு தடவை சொன்ன பொய்க்கு மறு தடவை யோசிக்கத் தேவையிருப்பதில்லை.

அவர் என்னையே பார்த்தார். "ரேடியோ, உன் வேன்ல பாட்டுப் பெட்டி இருக்கில்ல? அந்த ஸ்பீக்கரைக் கழட்டிட்டு வா."

"அம்மா, அதுல பாட்டு மட்டும்தான் உருப்படியா வேலை செய்யுது. பிரேக்கைக்கூடக் கேளுங்க, தரேன்."

"போடா."

போனான். வந்தான். ஸ்பீக்கரின் முதுகில் இருந்த காந்தத்தின் அருகே அதே வளையத்தைக் கொண்டுபோனான். இரண்டு விரல் இடைவெளியில் வளையம் அவன் கையிலிருந்து துள்ளியது. டக்.

அடுத்தது. டக். மூன்றாவது. டக்.

ஸ்டோர்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினொண்ணும் கோபால்ட்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "வளையம் பொய் சொல்லல. உன் வீட்டுக்காரர் கண்ணும் பொய் சொல்லல. காந்தம்தான் பாதி செத்துப் போயிருக்கு. வெறும் இரும்பை எந்த நோஞ்சான் காந்தமும் பிடிச்சுக்கும். இதுல பிடிக்க இருக்கறதே நூத்துல ஆறு பங்கு கோபால்ட். கனமோ இரும்பு மாதிரி ரெண்டு மடங்கு. தெம்புள்ள காந்தம்தான் தூக்கும்."

"காந்தத்துக்கு வயசாயிடுச்சா?" என்றான் ரேடியோ.

"ஒரு வாரத்துலயா? சூடு வெச்சிருக்காங்க. சூளையில வெச்சுப் பதமாச் சுட்டு எடுத்தா பாதி உயிர் போகும், பாதி நிக்கும். வெளியில பார்க்க எந்த மாத்தமும் தெரியாது. ஆனா கயிறோட சூளையில வைக்க முடியாது, எரிஞ்சிடும். அவுத்துட்டுத்தான் வைக்கணும். பிறகு வேற கட்டணும்." என் பக்கம் திரும்பினார். குரல் கடுமையாக இல்லை. "கயிறை மாத்தினது யாரும்மா?"

ஸ்டோரின் அந்த ஒரே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பரிசோதனைக்கூடம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு ஒன்று அசையாமல் எங்கள் பக்கம் பார்த்து நின்றது.

சொன்னேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவுப் பணி முடிந்து என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். அவருடைய மகன் குண்டூசி டப்பாவைப் படுக்கையில் கொட்டிவிட்டானாம். பொறுக்க ஒரு காந்தம் வேண்டுமாம். என் கணவர் அதை யாருக்கும் இரவல் தர மாட்டார். எழுப்பினால் இல்லை என்பார். அண்ணன் முகம் சுருங்கும். குழந்தையின் படுக்கையில் ஊசி என்றபோது நான் யோசிக்கவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து என் கையால் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவர் எழுவதற்குள் அண்ணன் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கயிறு புதிதாக இருந்தது. அறுந்துவிட்டது, வேறு கட்டினேன் என்றார். இவர் எழுந்து கயிறைப் பார்த்து என்ன இது என்று கேட்டபோது, இரண்டு பேருக்கும் நடுவில் எதற்கு வம்பு என்று, நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றே அந்தக் காந்தத்தை நம்பியிருக்க மாட்டார். யார் கைக்குப் போய் வந்த கருவியையும் அவர் நம்பியதில்லை. என் கைக்கு மட்டும்தான் அந்த விதிவிலக்கு.

ரேடியோ ஸ்பீக்கரை மேஜையில் வைத்துவிட்டு, "வாங்க அக்கா," என்று மட்டும் சொன்னான்.

பரிசோதனைக்கூடத்தில் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்த மாதிரி நின்றார். அவருக்குப் பின்னால் சின்ன மின்சூளை. மேஜை மேல் மாதிரிப் பொருள்களில் சீட்டுக் கட்டும் கயிற்று உருண்டை. வெள்ளையில் நீல இழை ஓடிய கயிறு. காந்தத்தில் இருந்ததும் அதுதான். இன்ஸ்பெக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் கயிறு ஆலை முழுக்க இருக்கு," என்றார் அண்ணன்.

"வளையத்தை அமிலத்துல ஏழு நாள் ஊறப்போட்டு, எடை குறையுதான்னு பார்த்துத்தானே சீட்டு ஒட்டணும்? இந்தப் பெட்டிக்கு ஊறப்போட்டீங்களா?"

"போட்டேன்."

"கோபால்ட்டை ஏழு நாள் ஊறவெச்சும் தெரியலைன்னா, குடுவையில அமிலம் இருந்துச்சா, குடிதண்ணியா?" என்றான் ரேடியோ.

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "காந்தத்தை நான் வாங்கினேன்னு யார் சொல்றது? கயிறை நீதான் மாத்தினதா மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்க. அவரே என்கிட்ட சொன்னார் பாப்பா. 'உங்க தங்கச்சி என் காந்தத்துக்குப் புதுச் சட்டை போட்டிருக்கா'ன்னு சிரிச்சார்."

அண்ணன் அதைக் கேட்டு, பதிலுக்குச் சிரித்தும் இருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவிடம் எனக்காக அடி வாங்கிவிட்டு வந்து அப்படித்தான் சிரிப்பார்.

"ஏன்ணா?" என்றேன்.

அவர் சூளையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊறப்போடவே இல்ல. வேலை குவிஞ்சு கிடந்துச்சு. போன பெட்டியோட கணக்கையே எழுதிட்டேன். மாப்பிள்ளை மூணைத் திருப்பினப்பதான் தெரிஞ்சுது. வெளிய வந்தா இருபது வருஷத்துச் சீட்டு எல்லாத்தையும் தோண்டுவாங்க. புதுப் பெட்டிக்குச் சொல்லியிருந்தேன். ரெண்டு மாசம் தாங்கினாப் போதும், நானே மாத்தி வெச்சிருப்பேன். அமிலத்தைச் சூடாக்கி ஓட்டப் போறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல பாப்பா. பதினாறு நாள்ல போயிடுச்சு."

"அவர் உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாரே."

அவர் கயிற்று உருண்டையை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே அண்ணா."

மணி மூன்றரை. இன்ஸ்பெக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துவந்தார். "மறைக்காமச் சொல்றேன். இங்க சொன்னதை உங்க அண்ணன் அங்க இல்லைன்னுடுவார். சூளை, கயிறு எல்லாம் ஊகம்னு அதிகாரி தள்ளிடுவார். காந்தம் அவர் கைக்குப் போச்சுன்னு சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்ல. சொன்னா, நீ பொய் சொன்னதும் எழுத்துல வந்துடும். உன் புகுந்த வீட்டுக்காரங்க படிப்பாங்க. உன் அம்மா உங்க அண்ணன் வீட்டுலதானே இருக்காங்க?"

"ஆமா."

"கையெழுத்துப் போட்டாலும் தப்பு சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லுவேன்," என்றேன்.

விசாரணை அறைக்குள் அண்ணனும் வந்தார். அதிகாரி தாளை எடுத்து நீட்டினார். நான் அதைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, குண்டூசி, ஜன்னல் கம்பி, கயிறு. நான் சொன்ன பொய்யை, சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன். ரேடியோ முதல் தடவையாக முழுசாய்ப் பத்து நிமிஷம் வாய் திறக்காமல் நின்றான்.

அதிகாரி படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

இல்லை என்று சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பழக்கிவிட்டவர் அவர்தான்.

"மூணாம் நம்பர் பம்பையும் ஆறாம் நம்பரையும் நிறுத்தச் சொல்லுங்க," என்றார். "வேற பெட்டி. அதையும் நான் ஊறப்போடல."

அதிகாரி தொலைபேசியை எடுத்துக் கத்தத் தொடங்கினார். வெளியே யாரோ ஓடும் சத்தம். சற்று நேரத்தில் தரையில் இருந்த அதிர்வு அடங்கியது. பதினெட்டு வருடமாக என் கணவர் கேட்ட பம்பு இரைச்சலும் அதோடு நின்றது. நின்றபோதுதான் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

அதிகாரி பழைய வாக்கியத்தின் மேல் குறுக்கே கோடு போட்டார். 'கவனக்குறைவு' என்ற சொல் இன்னும் படிக்கும்படி இருந்தது. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் தாள் கிழியாமல் முழுசாக அடித்தேன்.

அண்ணன் கதவருகே நின்றார். "அம்மாகிட்ட என்ன சொல்லுவ பாப்பா?"

"ஆறு மணிக்கு வரேன்," என்றேன். "அதுக்குள்ள நீங்களே சொல்லியிருங்க. நான் வந்து, சரியாச் சொன்னீங்களான்னு கேட்பேன்."